சாவி கொடுத்து வைத்த கேமராக்கள்

"ஏம்மா, உங்க அத்தை இதையெல்லாம் சாவி கொடுத்தே வெச்சிருக்காங்களே, ஏன்?"

பெட்டிக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டபோது அத்தை உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெட்டிக்காரர் என்பது நானும் அத்தையும் வைத்த பெயர். பழைய கேமரா சேகரிப்பவர். எங்கே போனாலும் உள்ளே பஞ்சு வைத்த ஒரு பெட்டியோடுதான் போவார். அத்தையின் அலமாரியைப் பார்க்க வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார்.

அத்தையிடம் இருப்பவை எல்லாம் ஒரே சாதி. மோட்டார் வைத்த பழைய ஃபிலிம் கேமராக்கள். சன்னல் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் கண்ணை வைத்தால் நடுவில் மங்கலான மஞ்சள் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருவராகிவிடுவார்கள். ஆகிவிட்டால் தூரம் சரி என்று அர்த்தம். பட்டனை அமுக்கலாம். அமுக்கியதும் மோட்டார் தானாகவே ஃபிலிமை அடுத்த படத்துக்கு இழுத்துவிடும். பிந்தி வந்தவற்றில் அந்த மோட்டார் பேட்டரியில் ஓடும். அவற்றை அத்தை 'அவசரக் குடுக்கைகள்' என்பாள். அவள் வாங்குவதெல்லாம் அதற்கு முந்தியவைதான். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோலத் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு அமுக்குக்கும் 'சர்ர்ர்' என்று கொஞ்சம் இறங்கும்.

இவற்றைச் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அலமாரியில் வைப்பதற்கு முன்னால் பட்டனை அமுக்கி அமுக்கி ஸ்பிரிங்கை முழுதாக இறக்கிவிடுவார்கள். முறுக்கியபடியே கிடந்தால் அது தளர்ந்துவிடும்; ஒருநாள் உடைந்தும் போகும். ஃபிலிமையும் உள்ளே விட்டு வைக்க மாட்டார்கள். அத்தை இரண்டையும் தலைகீழாகச் செய்து வைத்திருந்தாள். எல்லாக் கேமராவிலும் ஃபிலிம். எல்லாவற்றுக்கும் முழுச் சாவி.

பெட்டிக்காரரால் பொறுக்க முடியவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பட்டனில் விரலை வைத்தார்.

"கைய எடுங்க!"

தேநீர்த் தட்டோடு அத்தை வாசலில் நின்றாள்.

"இல்லம்மா, சும்மா இறக்கி வெக்கலாம்னுதான்..."

"அது இறங்க வேண்டாம். உள்ள ஃபிலிம் இருக்கு."

"ஓ, படம் எடுக்கறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சர்க்கரை போதுமான்னு பாருங்க" என்று டம்ளரை அவர் கையில் கொடுத்து, கேமராவை வாங்கிக்கொண்டாள் அத்தை.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. எங்களுக்கு மேல்வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'மூச்சை இழுங்க... பிடிச்சுக்கோங்க... விடுங்க' என்று நாள் முழுதும் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பேச்சுத்தான். அப்பா எதற்காவது கத்த ஆரம்பித்தால் மாடிப்படியில் நின்றுகொண்டு, "தம்பி, மூச்சை இழு... பிடிச்சுக்கோ... விட்டுடாத" என்பாள். அப்பா கத்த வந்ததை மறந்து சிரித்துவிடுவார்.

ஒழுங்கு என்றால் அத்தைதான். அவள் வீட்டில் செருப்புகள்கூடச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். அதனால்தான் பள்ளிக்கூடம் முடிந்து, மார்க்கு போதாமல், அடுத்தது என்ன என்று தெரியாமல் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது அம்மா என்னை மாடிக்கு அனுப்பினாள். "அத்தைகூட இரு, கொஞ்சமாவது உருப்படுவே." அத்தைக்கு நான் வேறு விதத்தில் பயன்பட்டேன். பழைய கேமராக்கள் விற்பனைக்கு வரும் பக்கங்களை என் செல்போனில் தேடச் சொன்னாள். "எப்படியும் உன் விரல் சும்மா இருக்கப் போறதில்ல. நமக்காவது நகரட்டும்."

தேடுவதில் ஒரு விசேஷம் இருந்தது. கேமரா எப்படி இருக்கிறது, லென்ஸில் பூசணம் இருக்கிறதா, எதையும் அத்தை முதலில் பார்க்க மாட்டாள். "அடிப்பக்கம் காட்டு" என்பாள். விற்பவர் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்காவிட்டால் கேட்டு வாங்கச் சொல்வாள். பார்ப்பாள். "இது இல்ல" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஏமாற்றம் இருக்காது. பரீட்சையில் தப்பித்தவள் மாதிரி ஒரு சிரிப்பு இருக்கும். சில சமயம், "பாவம், அதுவும் எங்க போகும், வாங்கிடு" என்பாள். அலமாரி அப்படித்தான் நிறைந்தது.

பெட்டிக்காரர் போன பிறகு அன்று மத்தியானம் அப்பாவிடம் போய் அவர் கேட்ட கேள்வியையே கேட்டேன். அப்பா மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை. மேலே நின்றபடியே சொன்னார்.

அத்தைக்கு ஒரு தங்கை உண்டு. அது எனக்குத் தெரியும். சின்ன அத்தை என்று ஒருத்தி வெளிநாட்டில் இருக்கிறாள், தொடர்பு இல்லை என்ற அளவில் தெரியும். இரண்டு பேரும் சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் சேர்ந்து ஒரு கேமரா வாங்கினார்களாம். சாவி கொடுக்கும் கேமரா. அடியில் தோல் பிய்ந்திருந்தது. பெரியவள் எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தை அளவாக நறுக்கி ஒட்டினாள். ஒரு மூலையில் கத்தரி நழுவி, சின்னதாக ஒரு பிறை விழுந்துவிட்டது. மற்றபடி அச்சு அசல் தோல்போலவே இருந்தது.

"சின்னவ குழாயைத் திறந்தா பெரியவ மூடுவா. சின்னவ விளக்கைப் போட்டா பெரியவ அணைப்பா. வீடு அப்படித்தான் ஓடிச்சு" என்றார் அப்பா. கேமராவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. யார் எடுத்தாலும் ஃபிலிமை முடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். சாவியை இறக்கித்தான் தோல் உறைக்குள் வைக்க வேண்டும். சட்டம் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது அவர்களுடைய அம்மா, என் பாட்டி, படுக்கையில் இருந்தார். சன்னலோரம் கட்டில். அவருக்குப் படம் எடுப்பது என்றாலே ஆகாது. மகள்கள் நச்சரித்ததில் கடைசியாக ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "என்னிக்கு நானா எழுந்து உட்கார்ந்து, தலையை வாரி, அந்த நீலச் சால்வையைப் போட்டுக்கறேனோ, அன்னிக்கு எடுத்துக்கோங்க." அந்த நாள் எப்போது வரும் என்று தெரியாததால் சின்ன அத்தை ஃபிலிமில் கடைசிச் சில படங்களை மிச்சம் வைத்து, முழுச் சாவி கொடுத்து, கேமராவை அலமாரித் தட்டில் தயாராக வைத்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்தாளோ, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாளோ.

ஒரு சாயங்காலம் பெரிய அத்தை வேலை முடிந்து வந்தாள். குழாயில் வாளி நிறைந்துகொண்டிருந்தது. கேமரா முறுக்கியபடி கிடப்பதைப் பார்த்தாள். வழக்கம்போலச் சின்னவள் மறந்துவிட்டாள் என்று எடுத்து, அலமாரி முன்னாலேயே நின்று அமுக்கி அமுக்கி இறக்கினாள். உள்ளே ஃபிலிம் இருந்தால் அந்த 'சர்ர்ர்' கொஞ்சம் கனமாகக் கேட்கும். எப்போதும் அவள் காதுக்குத் தப்பாது. அன்று வாளிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஓசை நின்றதும் உறைக்குள் போட்டு மூடினாள். குழாயையும் மூடினாள்.

மறுநாள் காலை அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தார். சீப்பைக் கேட்டார். சால்வையைக் கேட்டார்.

"என்னடி, எடுக்கறேன் எடுக்கறேன்னியே, கொண்டா பார்ப்போம்" என்றாராம்.

பெரியவள் வேலைக்குப் போயிருந்தாள். சின்ன அத்தை கேமராவைக் கொண்டுவந்தாள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு அம்மா. திருப்பினாள். ஒரு அம்மா. அமுக்கினாள். பட்டன் அசையவில்லை. அவசரமாகச் சாவி கொடுத்து மறுபடி அமுக்கினாள். இழுக்க ஃபிலிம் இல்லை.

"ஆச்சா?" என்றார் அம்மா.

"ஆச்சும்மா. நல்லா வந்திருக்கு."

அவள் கடைக்கு ஓடி ஃபிலிம் வாங்கி வருவதற்குள் அம்மா படுத்துவிட்டார். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

"எல்லாம் முடிஞ்சப்பறம் ஃபிலிமைக் கழுவினாங்க" என்றார் அப்பா. "முன்னாடி ஏதோ கடல், ஏதோ பூனை. அப்பறம் கடைசி வரைக்கும் அலமாரிக் கதவு. கதவு, கதவு, கதவு. வரிசையா."

சின்ன அத்தை சண்டை போடவில்லை. கூச்சல் போடவில்லை. "நீ ஒழுங்கா இருந்தே இல்ல, அது போதும்" என்று அக்காவிடம் ஒரே ஒரு வரி சொன்னாள். கொஞ்ச நாளில் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனாள். கேமராவை எடுத்துக்கொண்டாள். தோல் உறையை விட்டுவிட்டாள். அங்கேயே கல்யாணம் என்று கேள்விப்பட்டார்கள். பிறகு நாங்கள் இருந்த தெருவையே இடித்தார்கள், வீடு மாறினோம். கம்பி அறுந்த மாதிரி எல்லாம் நின்றுபோயிற்று.

"அப்போ அத்தை அடிப்பக்கம் காட்டச் சொல்றது..."

"அந்தக் கறுப்புக் காகிதத்தைத்தான் தேடறா. இருக்கக் கூடாதுன்னு தேடறா" என்றார் அப்பா. "அது விலைக்கு வந்துட்டா, அவ அதை வித்துட்டான்னு அர்த்தம். வித்துட்டான்னா நம்மளை விட்டுட்டான்னு அர்த்தம். இத்தனை வருஷமா 'இது இல்ல, இது இல்ல'ன்னுதான் இவ உயிரோட இருக்கா. ஸ்டூலைப் பிடி."

அதற்குப் பிறகு மாடிக்குப் போனால் அலமாரியை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை. எப்போது யார் எழுந்து உட்கார்ந்து 'கொண்டா' என்றாலும், எதை எடுத்தாலும், அது அமுங்க வேண்டும். அதற்காக எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

சில வாரம் கழிந்தது. சேகரிப்பவர்கள் படம் போடும் பக்கம் ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு கேமராவின் அடிப்பக்கம் வந்தது. கறுப்புக் காகிதம். மூலையில் பிறை.

காட்டாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் நான் எதையும் மறைத்து வைக்கத் தெரியாதவள். என் முகத்தைப் பார்த்ததுமே அத்தை போனை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"இது இல்லன்னு சொல்லுடி."

நான் விரலால் அந்தப் பிறையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"விலைக்குத்தான் போட்டிருக்கா?"

"ஆமா அத்தை." அந்தப் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் விலைக்குத்தான் வரும். கீழே எழுதியிருந்ததை நான் முழுதாகப் படிக்கவில்லை. கடையின் முகவரியை மட்டும் பார்த்தேன். எங்கள் நகரத்திலேயே, மறு கோடியில்.

அத்தை உடுத்திக்கொண்டு வந்தாள். பையில் தோல் உறையை வைத்தாள். அலமாரியிலிருந்து அதே மாடல் கேமரா ஒன்றையும் எடுத்து வைத்தாள். பேருந்தில் சீட்டுக் கொடுக்க வந்தவர் அவளை இரண்டு முறை கேட்ட பிறகு நான்தான் இடத்தைச் சொன்னேன்.

கடை ஓர் அகலமான பீரோ அளவுதான். உள்ளே ஒரு மெக்கானிக், அப்பாவைவிடச் சின்னவர், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். போனில் படத்தைக் காட்டினேன்.

"இதை வாங்க வந்திருக்கோம்."

"இதையா? இது விக்கறதுக்கு இல்லையே. ரிப்பேருக்கு வந்தது. வேலை முடிஞ்சு, வந்தவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம கைவேலைன்னு படம் எடுத்துப் போட்டேன். கீழ எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் கடைக்காரர் நீட்டிய ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். விற்கவில்லை. அதுதான் அவள் காதில் விழுந்த முதல் செய்தி.

"என்ன ரிப்பேர்?" என்றாள்.

"ஸ்பிரிங்க்மா. திறந்தா நாக்கு மாதிரி வெளிய தொங்குது. இத்தனை வருஷமா முறுக்கியே வெச்சிருக்காங்க! ஒரு தடவைகூட இறக்கினதில்லையாம். எனக்குக் கோபம் வந்து திட்டிட்டேன். யாராவது இப்படிச் செய்வாங்களான்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. 'இறக்கி வெக்கறதுக்கு எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ பார்த்தா உடனே இறக்கிடுவா. அதான் நான் முறுக்கியே வெச்சிருக்கேன்'னாங்க."

அத்தை உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கான்னா சொன்னா?"

"ஆமா."

"இருந்தான்னு சொல்லல?"

மெக்கானிக் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்கான்னுதாம்மா சொன்னாங்க. உங்களுக்கு அவங்க..."

"தங்கச்சி."

அதற்குப் பிறகு அவர் தனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் கொட்டினார். பெரிய பயணப் பெட்டியோடு வந்தாள். மறுநாள் விமானம் என்றாள். முடியும்வரை இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போன் நம்பர் கேட்டதற்கு, "இங்கயேதான இருக்கேன், எதுக்கு நம்பர்" என்றாள். ரசீது எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஒண்ணு மட்டும் கேட்டாங்க. பழைய சந்தையை ஒட்டி ஒரு தெரு இருக்குமே, அங்க இருந்தவங்களெல்லாம் எங்க போனாங்கன்னு. நான் இந்தப் பக்கம் வந்ததே பின்னாடிதான். அங்க இப்ப மேம்பாலம்தான் இருக்குன்னேன். 'ஆமா, பார்த்துட்டுத்தான் வரேன்'னாங்க."

அத்தை பையிலிருந்து தோல் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே எதுவும் இல்லாமலே அது கேமராவின் வடிவத்தில் நின்றது.

"இது அதோட சட்டை. மறுபடி வந்தா குடுத்துடுங்க."

"வந்தா கண்டிப்பா குடுக்கறேன். ஆனா வருவாங்களான்னுதான்... நான் போட்ட ஸ்பிரிங் புது உருக்கு. எப்படி வெச்சாலும் இருபது வருஷம் அசையாது."

"அவ்வளவு நல்லா ஏன் போட்டீங்க?" என்றாள் அத்தை.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது. உறையைத் துடைத்து, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஆணி அடித்து மாட்டினார். எங்கள் முகவரியை எழுதி நான் அதற்குள் வைத்தேன்.

திரும்பும் வழியில் மேம்பாலத்துக்கு அடியில் அத்தை இறங்கிவிட்டாள். அவள் பின்னாலேயே நானும் இறங்கினேன். தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு தூணுக்கு முன்னால் நின்றாள். "சன்னல் இங்கதான் வரும்" என்றாள். பையிலிருந்த கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். வளையத்தைத் திருப்பினாள். ஏதோ ஒன்று அவளுக்கு இரண்டாகத் தெரிந்து ஒன்றாயிற்று என்று நினைக்கிறேன், கை நின்றுவிட்டது.

"எடு அத்தை."

"அவ வந்து நிக்கட்டும்" என்றாள். அமுக்காமலே கேமராவைப் பையில் வைத்தாள். "பக்கத்துல வந்துட்டுப் போயிருக்காடி. இந்த இடத்துலதான் நின்னிருப்பா."

அன்றிலிருந்து அவள் கேமரா தேடச் சொல்வதில்லை. அடிப்பக்கம் பார்க்க வேண்டிய பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஆளைத் தேடச் சொல்கிறாள். நானும் அப்பாவும் தேடாத இடம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சின்ன அத்தை எந்தப் பெயரில் இருக்கிறாள் என்றே எங்களுக்குத் தெரியாது. பெட்டிக்காரர் தனக்குத் தெரிந்த சேகரிப்பவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அவர் வந்தால் எந்தப் பட்டனிலும் விரல் வைப்பதில்லை. மாலையில் வாசலில் யாராவது பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சக்கரச் சத்தம் கேட்டால் அத்தை குழாயை மூடிவிட்டுக் கேட்கிறாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுத மட்டும் கொஞ்சம் வரும். அதனால் எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். அடியில் கறுப்புக் காகிதம் ஒட்டிய, மூலையில் பிறை விழுந்த கேமரா வைத்திருக்கும் ஓர் அம்மாள் எங்கோ இருக்கிறார். அலமாரிக் கதவு என்று சொன்னால் அவருக்குப் புரியும். உறை மெக்கானிக் கடையில் மாட்டியிருக்கிறது, வீட்டு முகவரி அதற்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள். தாராளமாக முறுக்கியே கொண்டுவரலாம், அக்கா இப்போதெல்லாம் இறக்கி வைப்பதில்லை என்றும் சொல்லுங்கள்.